நாங்கள் என்றால் யார்

ஒரு சொல்லை நம்பி நான் சப்பாத்து வாங்கினேன். நல்ல சப்பாத்து. மழையில் நனையாது, நடந்தால் சத்தம் கேட்காது. இன்னும் என் வீட்டு வாசலில்தான் கிடக்கிறது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்றுதான் இவ்வளவு நாளும் பொறுத்தேன். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை. அதனால் சூட்டோடு சூடாகவே எழுதிவிடுகிறேன்.

மொன்றியலில் வில்லரே பகுதியில், மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். சின்னப் பிள்ளைகளைப் பகலில் விட்டுப் போகும் ஒரு கார்தெரியில் வேலை. மனுசன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் வன்கூவரில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். இங்கே தமிழர் இல்லாமல் இல்லை. ஆனால் கதைக்கத் தொடங்கினால் முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாம் கேள்வி ஊரில் எந்தப் பக்கம். மூன்றாம் கேள்விக்கு நான் நிற்பதில்லை. அப்படி ஆளில்லாமல் இருந்த காலத்தில்தான் அவள் வந்து வாய்த்தாள்.

ஜான்-டலோன் சந்தையில் ஒரு ஸ்ட்ரோபெரிக் கடை. ருசி பார்க்க வைத்திருந்த தட்டில் ஒருத்தி மூன்றாவது முறையாகக் கையை விட்டு, வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, "புளிக்குதுடா சாமி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள்.

"ஐயோ, நீங்க தமிழா?"

"ஓம்."

"ஓமா? எதுக்கு மந்திரம் சொல்றீங்க?"

சென்னைக்காரி. புருசன் கம்ப்யூட்டர் வேலை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் வீடு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள், அதனால் அன்றைக்கே என்னை அக்கா ஆக்கிவிட்டாள். நான் அவளை எங்கள் வழக்கப்படி 'நீர்' என்றேன். 'நீர் வாரும், நீர் இரும்' என்றால் விழுந்து விழுந்து சிரிப்பாள். "ராஜா சபையில நிக்கிற மாதிரி இருக்குக்கா" என்பாள். 'கதைக்கிறது' என்றால் பேசுவது, 'பகிடி' என்றால் கிண்டல், 'பேந்து' என்றால் அப்புறம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். 'பேந்து' அவளுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. எதைக் கேட்டாலும் "பேந்து பாப்பம்க்கா" என்று என் வாயைப் போலவே சொல்லிக் காட்டுவாள்.

சனிக்கிழமைகளில் நடக்கத் தொடங்கினோம். காரும் இல்லை, அவசரமும் இல்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, மெத்ரோவில் போய் இறங்கி, கால் போன போக்கில் நடப்பது. வெர்தனில் ஆற்றங்கரை, சென்-ஆன்றியில் கால்வாய் ஓரம், ஊத்ரமோனில் பெரிய வீடுகளின் பின்பக்கம். தெருவின் முகத்தை முன்பக்கம் காட்டாது, பின்னால் போகிற ஒழுங்கை, அந்தக் குறுகின சந்துதான் காட்டும் என்பது எங்கள் கொள்கை. யார் வீட்டில் என்ன காய்கிறது, யார் மாடிப்படிக்குப் புதுப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள் என்று வேவு பார்த்துக்கொண்டே போவோம். பெரிய சுகம் அது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

யப்பானை அவளுக்குக் காட்டியதே நான்தான். வேலையால் வந்ததும் சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு ஒருவகை வீடியோ பார்ப்பேன். யாரோ ஒருவர் தோக்கியோவின் சின்னத் தெருக்களில் நடந்துகொண்டே இருப்பார். பேச்சில்லை, பாட்டில்லை, காலடிச் சத்தம் மட்டும். ஒருநாள் மழைக்கு என் வீட்டில் ஒதுங்கினவளுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். தேத்தண்ணீர் ஆறிப்போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, என் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் நடந்துகொண்டிருந்தபோது சொன்னாள்.

"அக்கா, ஏப்ரல்ல நாங்க ஜப்பான் போறோம்!"

எனக்குக் கால் நின்றுவிட்டது. "உண்மையாவோ?"

"ஆமாக்கா. இவர் லீவெல்லாம் சொல்லிட்டாரு. சும்மா நடக்கிறது மட்டும்தான் ட்ரிப்பே. உங்க வீடியோ பாத்துத்தான் ஆசையே வந்துச்சு."

"ஓம், ஓம், போவம்!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் சிரித்தாள். சந்தோசத்தில் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு அந்தப் பனிக்காலம் போன விதமே தெரியவில்லை. வழக்கமாகத் தை மாதம் வந்தால் எனக்கு உலகமே வேண்டாம் என்றிருக்கும். அந்த வருசம் சன்னலுக்கு வெளியே பனி கொட்டக் கொட்ட, நான் வரைபடத்தில் தோக்கியோவின் ஒழுங்கைகளில் அலைந்துகொண்டிருந்தேன். எந்தத் தெரு மேடு, எங்கே குந்தியிருந்து ஆற மரவாங்கு உண்டு, எந்த மூலையில் குளிப்பறைக் கூடம், எந்தச் சந்தில் நின்றுகொண்டே சாப்பிடுகிற உருளைக்கிழங்குக் கட்லட் கடை, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு நாளைக்கு ஒரு பகுதிதான், அவசரப்படக் கூடாது என்று பிரித்துப் பிரித்து வழி போட்டேன். காகுராசாக்காவின் கல் பதித்த ஒழுங்கைகள் ஒரு நாள். சுமிதா ஆற்றங்கரை ஒரு நாள். எல்லாவற்றிலும் நல்லதைக் கடைசி நாளுக்கு வைத்தேன். அது யனாக்கா. பழைய வீடுகளும் கோயில்களும் பூனைகளும் உள்ள இடம். அங்கே ஒரு படிக்கட்டு இருக்கிறது. அதன் மேல்படிக்குப் பொழுதுபடுகிற நேரம் போய்ச் சேர வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்தேன்.

போட்டு முடித்த ஒவ்வொரு வழியையும் அவளுக்குக் காட்டுவேன். "சூப்பர்க்கா! எனக்கு அனுப்புங்க" என்பாள். அனுப்பினேன். பனியில் வெளியே நடக்க முடியாத சனிக்கிழமைகளில் நகரத்துக்கு அடியில் உள்ள சுரங்கப் பாதைகளில் நடந்தோம். அங்கே கடைக்காரர் 'போன்ஜூர்' என்றால் நான் 'மன்னிக்க வேணும்' என்பதற்கு யப்பான்காரர் சொல்கிற 'சுமிமாசென்' என்று பதில் சொல்லிப் பழகினேன். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பிளேன் ரிக்கெற் எப்போது எடுப்பது என்று கேட்டால் மட்டும் "பேந்துக்கா" என்பாள். புருசன்காரன் எல்லாருக்கும் சேர்த்து எடுப்பான் போல என்று நானும் விட்டுவிட்டேன். ஏப்ரல் தொடக்கத்தில் இரண்டு வாரம் என்று அவள் சொன்னதை வைத்துக் கார்தெரியில் லீவு கேட்டேன். தர மாட்டேன் என்று நின்ற பொறுப்பாளரிடம் ஒற்றைக் காலில் நின்று வாங்கினேன். பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும், நான் பிரெஞ்சில் சொல்கிற 'ஷாப்போன்' போகிறேன் என்று.

மாசி மாதத்தில் சென்-ஹ்யூபர் தெருவில் ஒரு கடைக்குச் சப்பாத்து வாங்கப் போனோம். என்னை இருத்திவிட்டு அவளே ஒவ்வொன்றாக எடுத்து வந்தாள்.

"நீரும் ஒரு சோடி எடுமன்" என்றேன்.

"எனக்கு இருக்குக்கா. உங்களுக்குக் கறுப்பு வேணாம், இந்தச் சாம்பல் கலர் போடுங்க."

போட்டேன். அவள் குனிந்து முன்பக்கத்தை அமுக்கி, என் பெருவிரல் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள்.

"யப்பானில நாள் முழுக்க நடக்க இது தாங்குமோ?"

"தாங்கும்க்கா" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை.

பங்குனி முடிகிற நேரம். பனி கரைந்து படியெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பின்னேரம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் அவள், ஒரு பெரிய கறிவேப்பிலைச் சாடியை அணைத்துக்கொண்டு மூச்சு வாங்க நிற்கிறாள். குளிர் படாமல் இருக்கச் செடிக்கு ஒரு சால்வையும் போர்த்தியிருந்தாள்.

"அக்கா, இத ரெண்டு வாரம் பாத்துக்கிறீங்களா? செவ்வாக்கிழம கெளம்புறோம். தண்ணி ரொம்ப ஊத்தாதீங்க, அழுகிடும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்கை கிளம்புறியள்?"

"ஜப்பானுக்குக்கா."

"அப்ப நான்?"

அவள் சாடியை இறக்கி வைக்கவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. "நீங்களா?" என்றாள்.

"நாங்கள் போறம் எண்டுதானே சொன்னனீர்? நாங்கள் எண்டால் என்ன? நானும் சேர்த்தித்தானே!"

"ஐயோ அக்கா. நாங்கன்னா… நாங்கக்கா. நானும் இவரும், இவர் ஆபீஸ்ல இன்னும் ரெண்டு குடும்பமும். உங்களையும் சேத்துன்னா 'நாம போறோம்'னு சொல்லியிருப்பேன்ல? நான் எப்பக்கா உங்களக் கூப்பிட்டேன்?"

எங்கள் ஊர்ப் பேச்சில் 'நாங்கள்' என்றால் எல்லாரும்தான். பக்கத்தில் நிற்பவளின் கையைப் பிடித்துக்கொண்டு "வா, நாங்கள் கடைக்குப் போவம்" என்போம். 'நாம்' என்பது மேடையிலும் பாடப் புத்தகத்திலும் இருக்கிற சொல். குசினி அடுப்படி வரைக்கும் வராது. சென்னைக்காரியின் வாயில் இரண்டும் வேறு வேறு. 'நாம' என்றால் நீயும் உள்ளே. 'நாங்க' என்றால் நீ வெளியே நில். இவ்வளவு சொல் சொல்லிக்கொடுத்த எனக்கு, இந்த ஒரு சொல்லை அவள் சொல்லித் தரவில்லை.

"சரி, உதிலை வையும்" என்றேன். சாடியை வாசலில் வைத்துவிட்டு, "கோச்சுக்காதீங்கக்கா, தப்பாப் புரிஞ்சிடுச்சு" என்று படியிறங்கிப் போனாள். கார் கீழே இயங்கிக்கொண்டே நின்றது.

தமிழ்தான் சதி செய்துவிட்டது என்று முதலில் என்னை நானே தேற்றினேன். அவள் மேல் பிழையில்லை, பாவம், இரண்டு ஊர்த் தமிழ், இப்படியும் நடக்கும். செடிக்குக் கொஞ்சம் தண்ணீர் கூட ஊற்றினேன். பிறகு சாடியைத் தள்ளி வைக்கக் குனிந்தபோது, பக்கத்தில் அந்தச் சாம்பல் நிறச் சப்பாத்து.

"தாங்கும்க்கா."

அவளுக்குத் தெரிந்திருந்தது! யப்பானில் நடக்கத்தான் வாங்குகிறேன் என்று என் வாயாலேயே சொல்லக் கேட்டாள். கேட்டுக்கொண்டே குனிந்து என் விரலைத் தடவிப் பார்த்தாள். 'சுமிமாசென்' சொல்லி நான் கூத்தாடினபோதும் தெரியும். ஒவ்வொரு வழியையும் "அனுப்புங்க" என்று வாங்கிக்கொண்டபோதும் தெரியும். ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு சனிக்கிழமை, "அக்கா, நீங்க தப்பா நெனச்சுட்டீங்க" என்றிருந்தால் முடிந்தது. ஒரு கிழமை முழுக்க அழுதிருப்பேன். பிறகு நானே அவளுக்குக் குடை இரவல் கொடுத்து அனுப்பியிருப்பேன். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான். கறிவேப்பிலை மாதிரிப் பாவித்துவிட்டு எறிந்துவிட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். இவள் அந்தக் கறிவேப்பிலையையே கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டுப் போகிறாள்!

அன்றிரவு சாப்பிடவில்லை. அடுத்த நாள் எழும்பினபோது அழுகை போய்விட்டிருந்தது, விசர்க் கோபம்தான் மிச்சம். லீவு இருக்கிறது. சப்பாத்து இருக்கிறது. வழி முழுக்க என் தலைக்குள் இருக்கிறது. அவள் இல்லாவிட்டால் யப்பான் என்ன ஓடியா போய்விடும்? ரிக்கெற் எடுத்தேன். செடியைக் கீழ் மாடிக் கியூபெக் மனுசியிடம் கொடுத்து, தண்ணீர் கொஞ்சமாக ஊற்றச் சொன்னேன். "ஷாப்போனுக்குத் தனியாகவா?" என்று கேட்டாள். "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவளுக்கு அது விளங்கிவிட்டது.

தோக்கியோ என் வீடியோவைவிட நல்லது. அதையும் சொல்ல வேண்டும். காலையில் அறையை விட்டு இறங்கினால் பொழுதுபடும் வரைக்கும் நடைதான். வீட்டு வாசல்களில் நிலம் இல்லை என்று தெரு ஓரத்திலேயே சாடி சாடியாகச் செடி வைத்திருந்தார்கள். ஒருவரும் களவெடுக்கவில்லை. ஒரு மனுசன் உதிர்ந்த செர்ரிப் பூவைக் கூட்டிக்கொண்டிருந்தான். அவன் கூட்டி முடிக்க, பின்னால் திரும்பவும் கொட்டியது. அவனும் சலிக்காமல் திரும்பக் கூட்டினான். மஞ்சள் தொப்பி போட்ட குஞ்சு குருமான்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகத் தெருவைக் கடந்தார்கள். என் கார்தெரிப் பிள்ளைகளும் இப்படித்தான் போவார்கள், ஆனால் இவ்வளவு ஒழுங்கு கிடையாது. கட்லட் கடை நான் வரைபடத்தில் பார்த்த அதே சந்தில், அதே மூலையில் இருந்தது. நின்றுகொண்டே தின்றேன். வாய் வெந்தது.

"இஞ்சை பாரும்" என்று பக்கத்தில் திரும்புவேன். ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தரம் திரும்பினேனோ தெரியாது. கோதாரி பிடித்த கழுத்து, அதற்குச் சொன்னாலும் கேட்கவில்லை. ஒரு சின்ன ரயில் பாதைக் கடவையில் மணி அடிக்கக் காத்து நின்றபோது, காரணமே இல்லாமல் கண் நிறைந்துவிட்டது. அவள் மேல் கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தைச் சொல்லி ஆறுவதற்கும் எனக்கு அவளை விட்டால் வேறு ஆள் இல்லை. அதுதான் எரிச்சல்.

அவர்களைச் சந்திக்கக் கூடாது என்று நாட்களை முன்பின்னாக மாற்றித்தான் நடந்தேன். சுமிதா நாளில் காகுராசாக்கா, காகுராசாக்கா நாளில் வேறெங்கோ. ஆனால் யனாக்காவை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. கடைசி நாள் என்றால் அது யனாக்காதான். நான் போட்ட கணக்கு, நான் ஏன் மாற்ற வேண்டும்? சொன்ன நேரத்துக்கு, பொழுதுபடுகிற சமயம், அந்தப் படிக்கட்டின் கீழே வந்து நின்றேன்.

மேல்படியில் தமிழ் கேட்டது.

"இங்க நின்னு பாத்தாத்தான் சன்செட் கரெக்டா தெரியும். பிளான் பண்ணித்தான் இந்த டைமுக்குக் கூட்டிட்டு வந்தேன்."

"எப்படிங்க இதெல்லாம் கண்டுபிடிச்சீங்க?" என்று கூட வந்த ஒருத்தி கேட்டாள்.

"வின்டர் முழுக்க நான் உக்காந்து மேப் பாத்தேன்ல" என்றாள் என் சிநேகிதி.

'நாங்க'வில்தான் நான் இல்லை என்று நினைத்திருந்தேன். அந்த வழிகளிலும் நான் இல்லை. அங்கே 'நான்' என்றாலும் அவள்தான்.

திரும்பி ஓடியிருக்கலாம். என் சப்பாத்து மேலே ஏறியது. பாதிப் படியில் அவள் என்னைக் கண்டாள். முகம் வெளிறிப்போய்விட்டது. "அக்கா…" என்றாள். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது.

"யாருங்க?"

"இவங்க… மாண்ட்ரியால்ல தெரிஞ்சவங்க" என்றாள்.

புருசன்காரன் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "அட, நம்ம கருவேப்பிலை அக்கா!" என்றான். பிறகு அவன் முகம் மாறியது. "அப்போ செடிய யாரு பாத்துக்கிறாங்க?"

ஆரியக் கூத்தாடினாலும் காரியத்தில் கண். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "கீழ்வீட்டு மனுசி பாக்கிறா. பயப்பிடாதேங்கோ, உங்கடை செடி சாகாது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கீழே என் காலைப் பார்த்தாள். சாம்பல் நிறச் சப்பாத்து, அவள் தெரிந்து தந்தது. ஒரு நிமிசம் அவள் கண் கலங்கினது போல இருந்தது. எனக்கும் நெஞ்சு இளகியது. விசர் நெஞ்சு, அது உடனே இளகிவிடும். ஒரு சொல் சொல்லட்டும், என்றேன் எனக்குள். வாங்கக்கா, நாம நடப்போம் என்று ஒரே ஒரு சொல். எல்லாவற்றையும் மறந்துவிட்டு, இறங்கி, அந்தக் கட்லட் கடையைக் காட்டிக் கொடுப்பேன்.

"லைட் போகுதுப்பா, சீக்கிரம்!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் தோளோடு தோள் சேர்ந்து நின்றது. அவள் இரண்டு படி இறங்கி என்னிடம் வந்தாள். கையை நீட்டினாள். கையில் போன் இருந்தது.

"அக்கா, எங்கள ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?"

எங்கள. நம்மள இல்லை. இந்த முறை எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

எடுத்துக் கொடுத்தேன். நல்லாகவே எடுத்தேன், எல்லார் தலையும் உள்ளே வர, சிவந்த வெளிச்சம் முகங்களில் விழ. நான் வரைபடத்தில் பார்த்துப் பார்த்து வைத்திருந்த அதே மேல்படி, அதே வெளிச்சம். போனை அவள் கையில் வைத்துவிட்டு, வந்த வழியே இறங்கி, நான் வழி போடாத ஒரு தெருவில் திரும்பி நடந்தேன். அவள் பின்னால் கூப்பிட்டாளா என்று தெரியாது. அன்றைக்குத்தான் என் கழுத்து திரும்பவில்லை.

மொன்றியலுக்கு வந்து சேர்ந்தபோது கீழ்வீட்டு மனுசி செடியைத் திருப்பித் தந்தாள். சால்வையைக் கழற்றிவிட்டு வெயில் படுகிற சன்னலில் வைத்திருக்கிறாள். புதுக் கொழுந்து இரண்டு விட்டிருந்தது. சனிக்கிழமை போன் அடித்தது. அவள்தான்.

"அக்கா, எப்படி இருக்கீங்க? அன்னிக்கு அப்படியே போயிட்டீங்க… நாம இந்த வாரம் நடக்கப் போலாமா? அப்படியே செடியையும் எடுத்துக்குவேன்."

நாம என்றாள். காதால் கேட்டேன்.

"பேந்து" என்றேன்.